சிறு சொல்லும் செய்தொழிலும்

தேர் பெரிது, அதன் அச்சாணி சிறிது. அச்சாணி கழன்றுவிட்டால் தேர் ஓர் அடியும் நகராது. மொழிக்கும் இத்தகைய அச்சாணிகள் உண்டு. அவை தனித்து நின்றால் பொருள் விளங்குவதில்லை. பெயரோடும் வினையோடும் சேர்ந்து நிற்கும்போதுதான் ஒன்றற்கும் மற்றொன்றற்கும் உள்ள உறவை அவை காட்டுகின்றன. ‘கண்ணன் அடித்தான்’ என்றால் அடித்தவன் கண்ணன். ‘கண்ணனை அடித்தான்’ என்றால் அடிபட்டவன் கண்ணன். ‘ஐ’ என்னும் ஓர் எழுத்து, அடித்தவனை அடிபட்டவனாக்கி விடுகிறது. தொல்காப்பியர் வேற்றுமைக்கென்றே தனி இயல்கள் வகுத்ததன் காரணம் இதனால் விளங்கும்.

தமிழில் இவ்வுருபுகள் பெயரின் பின்னே வந்து ஒட்டுகின்றன. ஆங்கிலத்திலோ அவற்றின் வேலையைச் செய்யும் சொற்கள் பெயரின் முன்னே தனியாக நிற்கின்றன. ஆதலின் அவற்றை முன்னிடைச்சொற்கள் என்கிறோம். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வழங்கிய பழைய ஆங்கிலத்தில் முன்னிடைச்சொற்களும் இருந்தன; பெயரின் ஈற்றில் வேற்றுமை காட்டும் உருபுகளும் இருந்தன. காலப்போக்கில் அவ்வுருபுகள் தேய்ந்தன. உடைமைப் பொருளைக் காட்டும் உருபு ஒன்றே இன்று பெயர்களில் எஞ்சியுள்ளது. உருபுகள் தேயத் தேய, அவை சுமந்த சுமையை முன்னிடைச்சொற்கள் ஏற்றுக்கொண்டன. அதனால் இன்றைய ஆங்கிலத்தில் இச்சிறு சொற்களுக்கு வேலை மிகுதி, பொறுப்பும் மிகுதி.

ஆங்கில நூல்களைப் படிக்கும்போது இச்சொற்களைக் கூர்ந்து நோக்குவது எனக்கு வழக்கம். அவற்றுள்ளும் ஆங்கிலேயர் தம் தொழிலைப் பற்றிப் பேசும்போது வழங்கும் சொற்களே என் கருத்தை மிகுதியும் கவர்ந்தன. ஒருவர் தம் தொழிலைச் சொல்லும்போது, எங்கே இருக்கிறார், யாரைச் சார்ந்திருக்கிறார், எதைச் செய்கிறார் என்பவற்றையெல்லாம் ஒரு சிறு சொல்லுக்குள் அடக்கிவிடுகிறார். அவர் சொல்ல எண்ணாத ஒன்றையும் அச்சொல் சில வேளைகளில் சொல்லிவிடுகிறது.

வங்கி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ‘அவர் வங்கியில் வேலை செய்கிறார்’ என்று நாம் சொல்கிறோம். ‘இல்’ என்னும் ஓர் உருபே நமக்குப் போதும். ஆங்கிலேயருக்கு அது போதாது. வேலை நடக்கும் இடத்தை மட்டும் சுட்ட விரும்பினால் அவர்கள் ‘அட்’ என்பார்கள். சம்பளம் கொடுப்பது யார் என்று சொல்ல விரும்பினால் ‘ஃபார்’ என்பார்கள். வங்கித் தொழில் என்னும் துறையைச் சொல்ல விரும்பினால் ‘இன்’ என்பார்கள். இம்மூன்றும் ஒன்றல்ல. வங்கியின் சுவருக்கு வண்ணம் பூசும் தொழிலாளி அந்த வாரம் முழுவதும் வங்கியிலேதான் வேலை செய்கிறார். ஆயினும் அவருக்குக் கூலி கொடுப்பவர் ஒப்பந்தக்காரர். வங்கித் தலைவரின் காரை ஓட்டுபவர் வங்கியின் ஊழியர்; ஆனால் அவருடைய நாள் பெரும்பாலும் சாலையிலே கழிகிறது. இவ்விருவருக்கும் வங்கித் தொழில் தெரியாது. கணக்கரோ இடத்தாலும், ஊதியத்தாலும், துறையாலும் வங்கியைச் சார்ந்தவர். நாம் ஓர் உருபில் அடக்கிய மூன்று உறவுகளை அவர்கள் மூன்று சொற்களில் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

‘இன்’ என்பது சுற்றிலும் சுவர் எழுப்பிய வீடு போன்றது. தரைப்படை, கடற்படை, வாணிகம், கல்வித் துறை ஆகியவற்றில் இருப்போரை இச்சொல்லால் குறிப்பர். சமய குருவாக வாழ்பவரைத் திருச்சபைக்குள் இருப்பவர் என்பர். இலண்டன் மாநகரின் நடுவே ‘சிட்டி’ என்னும் பெயருடைய ஒரு சிறு பகுதி உண்டு. வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் நிறைந்த இடம் அது. ஒருவர் ‘இன் தி சிட்டி’ வேலை செய்கிறார் என்றால், அவர் பணத்தொடர்பான தொழிலில் இருக்கிறார் என்பது கேட்பவருக்குச் சொல்லாமலே விளங்கும்.

‘ஆன்’ என்பது ஒன்றன்மேல் நிற்பதைக் காட்டும் சொல். நடிகர் மேடைமேல் இருக்கிறார். உழவர் நிலத்தின்மேல் உழைக்கிறார். பேருந்து ஓட்டுபவரும் சீட்டுக் கொடுப்பவரும் ‘ஆன் தி பஸஸ்’ என்று தம் வேலையைச் சொல்வர். 1969 முதல் 1973 வரை இங்கிலாந்தில் ஒளிபரப்பான நகைச்சுவைத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றிற்கு இத்தொடரே பெயராயிற்று. மாலுமிக்கு இவ்விரு சொற்களும் ஆகா. அவர் ‘அட் சீ’, அதாவது கடலிடத்தே இருப்பவர். வழக்குமன்றத்தில் வாதாடும் அறிஞரும் ‘அட் தி பார்’ என்றே சொல்லப்படுவார். ‘பார்’ என்பது மன்றத்தில் நீதிபதியின் இருக்கையை மற்றவர் இடத்தினின்றும் பிரித்து நின்ற மரத்தடுப்பு. ஒரு மரத்தடுப்பும் ஒரு சிறு சொல்லும் சேர்ந்து ஒரு தொழிலுக்கே பெயராகிவிட்டன.

நிலக்கரி வெட்டும் தொழிலாளர் ‘டவுன் தி பிட்’ என்று தம் தொழிலைச் சொல்லி வந்தனர். ‘டவுன்’ என்றால் கீழ்நோக்கி என்பது பொருள். நாள்தோறும் கதிரவனைவிட்டு நிலத்தின் அடியில் இறங்கும் வாழ்க்கையை அந்த ஒரு சொல் நம் கண்முன் நிறுத்துகிறது.

‘பை’ என்னும் சொல்லும் கருதத்தக்கது. ஒருவர் ‘பை டிரேடு’ தச்சர் என்றால், அவர் கற்ற தொழில் தச்சு என்பது பொருள். இன்று அவர் காவலாளியாக இருக்கலாம், கடையில் பொருள் விற்கலாம், வேலையின்றியும் இருக்கலாம். வேலை போனாலும் கற்ற தொழில் போவதில்லை என்பதை இச்சொல் உணர்த்துகிறது. வறுமையிலும் ஒருவர் தலைநிமிர்ந்து சொல்லிக்கொள்ளத்தக்க சொல் இது.

இதுவரை இடத்தையும் துறையையும் காட்டும் சொற்களைக் கண்டோம். இனி மனிதருக்கும் மனிதருக்கும் உள்ள உறவைக் காட்டும் சொற்களைக் காண்போம். உண்மையான வேறுபாடுகள் இங்கேதான் தொடங்குகின்றன.

நாம் ‘முதலாளியிடம் வேலை செய்கிறேன்’ என்கிறோம். ஆங்கிலேயர் இவ்விடத்தில் ‘ஃபார்’ என்பர். அதை அப்படியே தமிழாக்கினால் ‘முதலாளிக்காக வேலை செய்கிறேன்’ என்றாகும். நம் செவிக்கு அது வேறு பொருள் தருகிறது. அன்பினாலோ, அவருக்கு மாற்றாகவோ ஒரு வேலையைச் செய்வது போல் ஒலிக்கிறது. நான்காம் வேற்றுமையின் பொருள்களுள் ‘பொருட்டு’ என்பதும் ஒன்று என நன்னூல் கூறும். நாம் அப்பொருளைக் கூலி உறவுக்கு எளிதில் வழங்குவதில்லை. ஆங்கிலத்திலோ, தம் முதலாளியின் முகத்தையே பாராத தொழிலாளியும் ‘ஃபார்’ என்றே சொல்கிறார். அச்சொல்லில் அன்பும் இல்லை, பகையும் இல்லை. கூலி பெறுகிறேன் என்னும் செய்தி மட்டுமே உண்டு. ஆனால் அதே சொல்லை ஆங்கிலேயர் நாட்டுக்காக உழைப்பதற்கும் அறத்துக்காகப் பாடுபடுவதற்கும் வழங்குகின்றனர். ஒரே சொல் கூலியையும் குறிக்கிறது, தொண்டையும் குறிக்கிறது. அது கூலியாக நிற்பதும் தொண்டாக உயர்வதும் உழைப்பவர் உள்ளத்தைப் பொறுத்தவை.

‘அண்டர்’ என்றால் கீழே என்பது பொருள். படைத்தலைவரிடம் பணிபுரியும் வீரர்களும், பேரறிஞரிடம் பயிலும் மாணவர்களும் இச்சொல்லைப் பெருமையோடு வழங்குவர். ‘வித்’ என்றால் உடன் என்பது பொருள். ஒரே வேலையைச் செய்யும் தோழர் இருவர் இச்சொல்லால் தம்மைக் குறிப்பர். பண்புடைய தலைவர் ஒருவர், தம் ஆணைக்கு உட்பட்டவர்களைப் பற்றிப் பேசும்போது ‘அண்டர்’ என்பதை விடுத்து ‘வித்’ என்பதை வழங்குவதுண்டு. அவர்களுடைய சம்பளம் அதனால் உயர்ந்துவிடாது. ஆனால் அவர்கள் நிற்கும் இடம் ஒரு படி உயர்கிறது. நம் மொழியிலும் ‘என் கீழ் வேலை செய்பவர்’ என்பதற்கும் ‘என்னுடன் வேலை செய்பவர்’ என்பதற்கும் உள்ள தொலைவை நாம் அறிவோம்.

இங்கிலாந்தின் சமுதாய வரலாற்றில் ‘இன் சர்வீஸ்’ என்னும் தொடருக்குத் தனி இடம் உண்டு. பணி செய்வதில் இருத்தல் என்பது அதன் நேர்ப்பொருள். பிறர் வீட்டில் சமைத்தல், துடைத்தல், விளக்கேற்றல், குழந்தைகளைப் பேணுதல் ஆகிய வேலைகளுக்காக இளம்பெண்கள் தம் ஊரைவிட்டுச் சென்று தங்கிய வாழ்க்கையையே அது குறித்தது. 1911 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது அந்நாட்டில் இவ்வாறு வாழ்ந்தோர் 10 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். அதே ‘சர்வீஸ்’ என்னும் சொல் அரசின் உயர் அலுவலர்களுக்கும் வழங்கிற்று. அவர்கள் ‘இன் தி சிவில் சர்வீஸ்’ இருந்தனர். இருவர் தொழிலும் பணியே. ஒரு பணிக்குக் கூடத்தில் நாற்காலி கிடைத்தது. மற்றொரு பணிக்கு அடுக்களையின் அருகே ஒரு முக்காலி கிடைத்தது. சொல் ஒன்றாயிருந்தும் மதிப்பு ஒன்றாயில்லை என்பதை நாம் மறத்தல் ஆகாது.

சொல்லை மாற்றுவதன் வாயிலாக மதிப்பை மாற்ற முயன்ற நிகழ்ச்சியும் அந்நாட்டு வரலாற்றில் உண்டு. 1947 ஆம் ஆண்டு சனவரித் திங்கள் முதல் நாள், பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்கள் தனியார் கையிலிருந்து அரசின் கைக்கு மாறின. அன்று சுரங்கங்களின் வாயிலில் அறிவிப்புப் பலகைகள் நாட்டப்பட்டன. இச்சுரங்கம் தேசிய நிலக்கரி வாரியத்தால் மக்களின் சார்பில் நடத்தப்படுகிறது என்பது அவற்றில் பொறித்த செய்தி. ‘வாரியத்தால்’ என்பதற்கு ஓர் இடைச்சொல். ‘மக்களின் சார்பில்’ என்பதற்கு ஓர் இடைச்சொல்தொடர். அதுவரை முதலாளிக்காகச் சுரங்கத்தில் இறங்கிய தொழிலாளி, அன்று முதல் மக்களுக்காக இறங்கினார். பலகையில் சொல் மாறியவுடனே சுரங்கத்தின் இருள் நீங்கிவிடவில்லை. நுரையீரலில் படியும் தூசியும் நின்றுவிடவில்லை. ஆயினும் யாருக்காக உழைக்கிறோம் என்னும் வினாவுக்குப் புதிய விடை வேண்டுமென்று அம்மக்கள் கருதினர். அந்த விடையை எழுத இரண்டு சிறிய இடைச்சொற்களே கருவியாயின. காலப்போக்கில் அச்சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 2015 ஆம் ஆண்டு திசம்பரில், பிரிட்டனில் எஞ்சியிருந்த கடைசி ஆழ்சுரங்கமும் மூடப்பட்டது. அன்றோடு ‘டவுன் தி பிட்’ என்னும் தொடர் அந்நாட்டின் பழங்கதையாயிற்று.

தொழிலைப் பற்றிய இடைச்சொற்களுள் மிகவும் துன்பந்தருவது ‘அவுட் ஆஃப்’ என்பது. வேலையில்லாதவரை ஆங்கிலேயர் ‘அவுட் ஆஃப் ஒர்க்’ என்பர். வேலை என்னும் வீட்டுக்கு வெளியே நிற்பவர் என்பது அதன் பொருள். வட இங்கிலாந்தில் ஜாரோ என்னும் ஊர் கப்பல் கட்டும் தொழிலால் வாழ்ந்தது. 1930-களில் அங்கிருந்த பெரிய கப்பல் தளம் மூடப்பட்டது. ஊரில் பெரும்பாலோர் வெளியே நிற்பவராயினர். 1936 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் அவ்வூர் ஆடவர் 200 பேர், வேலை வேண்டி நாடாளுமன்றத்துக்கு விண்ணப்பம் ஒன்றை எடுத்துக்கொண்டு இலண்டனுக்கு நடந்தே சென்றனர். தொலைவு ஏறத்தாழ 300 மைல். அவ்வூரின் நாடாளுமன்ற உறுப்பினராகிய எல்லன் வில்கின்சன் என்னும் பெண்மணி வழியில் பல இடங்களில் அவர்களோடு சேர்ந்து நடந்தார். ஒரு தொகுதியின் உறுப்பினரைச் சொல்லும்போது ஆங்கிலேயர் ‘ஃபார்’ என்னும் சொல்லையே வழங்குவர்; அவர் ஜாரோவின் பொருட்டு இருக்கும் உறுப்பினர். அச்சொல்லின் முழுப்பொருளையும் அவர் தம் கால்களால் விளக்கினார் என்று நான் எண்ணுவதுண்டு. சென்றவர்கள் கேட்ட வேலை அன்று கிடைக்கவில்லை. ஆயினும் வெளியே நிற்பவரின் துயரத்தை அந்நாடு மறக்க முடியாதபடி அவர்கள் செய்துவிட்டனர்.

இச்சொற்கள் யாவும் ஒருவர் வாழ்க்கையிலேயே வரிசையாக வந்து அமைவதைக் காணவேண்டுமானால், அறிவியலறிஞர் மைக்கேல் பாரடேயின் வரலாற்றைப் படித்தல் வேண்டும். அவர் 1791 ஆம் ஆண்டு இலண்டனுக்கு அருகே ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தார். பள்ளிப் படிப்பு மிகுதியாக வாய்க்கவில்லை. பதினான்காம் வயதில் புத்தகக் கடைக்காரர் ஒருவரிடம் நூல் கட்டும் தொழில் பயில ஒப்படைக்கப்பட்டார். இவ்வாறு தொழில் பயிலச் சேர்வதை ஆங்கிலத்தில் ‘டு’ என்னும் இடைச்சொல்லால் சொல்வர். ஒருவருக்குக் கட்டுப்பட்டவன் என்பது அதன் குறிப்பு. ஏழு ஆண்டுகள் பாரடே அக்கட்டுக்குள் இருந்தார். பிறர் கட்டக் கொடுத்த நூல்களைக் கட்டியதோடு நில்லாமல், அவற்றைப் படித்தும் வந்தார்.

1812 ஆம் ஆண்டு இலண்டன் அரசக் கழகத்தில் ஹம்ப்ரி டேவி என்னும் வேதியியல் அறிஞர் ஆற்றிய சொற்பொழிவுகளைக் கேட்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. கேட்டவற்றைக் குறிப்பெடுத்து, தம் கைத்தொழிலால் அழகிய நூலாகக் கட்டி, டேவிக்கே அனுப்பினார். அடுத்த ஆண்டு டேவியின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக அமர்ந்தார். இப்போது அவர் ‘அண்டர்’. டேவியின் கீழ் இருந்தார். அவ்வாண்டே டேவி தம் மனைவியோடு ஐரோப்பியப் பயணம் புறப்பட்டபோது பாரடேயும் உடன் சென்றார். அறிவியல் துணைவராகச் சென்றவர் பணியாளின் வேலைகளையும் சேர்த்துச் செய்ய நேர்ந்தது. டேவியின் மனைவி அவரை ஒரு வேலைக்காரராகவே நடத்தினார். ‘வித்’ என்று எண்ணிச் சென்றவருக்குக் கிடைத்தது ‘இன் சர்வீஸ்’ என்னும் நிலையே.

பாரடே மனம் தளரவில்லை. நாடு திரும்பித் தம் ஆய்வுகளைத் தொடர்ந்தார். 1825 ஆம் ஆண்டு அரசக் கழகத்து ஆய்வுக்கூடத்தின் இயக்குநரானார். 1831 ஆம் ஆண்டு, காந்தத்தின் துணைகொண்டு கம்பிச் சுருளில் மின்னோட்டத்தைத் தோற்றுவிக்கலாம் என்று கண்டறிந்தார். இன்று மின்னாக்கிகள் அந்த நெறியைக் கொண்டே சுழல்கின்றன. கடலோரக் கலங்கரை விளக்கங்களைப் பேணும் நிறுவனத்துக்கு அவர் பல்லாண்டுகள் அறிவியல் ஆலோசகராகவும் இருந்தார். விளக்குகள் மங்காமல் எரிய வழிவகைகள் கூறினார். நடுக்கடலில் இருந்த மாலுமிகள் அவரை அறியார். எனினும் அவர் அவர்களுக்காக உழைத்தார்.

ஓர் ஆய்வாளர் எதை ஆராய்கிறார் என்று கேட்டால் ஆங்கிலேயர் ‘ஆன்’ என்று விடை தொடங்குவர். பாரடே உழைத்தது மின்சாரத்தின்மேல், காந்தத்தின்மேல், ஒளியின்மேல். அவர் யாருக்குக் கீழ் இருந்தார், எந்த வீட்டாரின் பெட்டியைச் சுமந்தார் என்பவை இன்று வரலாற்று நூலின் சிறு குறிப்புகள். அவர் எதன்மேல் உழைத்தார், யாருக்காக உழைத்தார் என்பவையே ஒவ்வோர் இல்லத்திலும் விளக்காக எரிகின்றன.

மாணவர்களே! நாளை நீங்களும் ஒரு தொழிலில் அமர்வீர்கள். ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதும்போது இச்சிறு சொற்களை ஆராய்ந்து எழுதுங்கள். ‘அட்’ வரவேண்டிய இடத்தில் ‘ஃபார்’ வந்தால் பொருள் திரியும். ஆனால் இலக்கணப் பிழையின்றி எழுதுவதோடு இதன் பயன் முடிந்துவிடவில்லை. எந்த இடத்தில், யாருக்குக் கீழ் என்னும் இரண்டையும் பெரும்பாலும் சூழ்நிலை நமக்கு அமைத்துக் கொடுக்கும். அவற்றை நாம் விரும்பியவாறே பெறுவது அரிது. எதன்மேல் உழைப்பது, யாருக்காக உழைப்பது என்னும் இரண்டிலும் நம் விருப்பத்துக்குச் சிறிது இடம் உண்டு. அந்தச் சிறிய இடத்தைப் பாரடே வீணாக்கவில்லை. உங்களில் சிலர் பிற்காலத்தில் பலரைக் கொண்டு வேலை வாங்கும் நிலைக்கு உயரவும் கூடும். அப்போது அவர்களைக் குறிக்க ‘கீழ்’ என்னும் சொல்லும் உங்கள் நாவில் நிற்கும். ‘உடன்’ என்னும் சொல்லும் நிற்கும். எதைச் சொல்கிறீர்கள் என்பதை அவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.